வேகமெடுக்கும்போதே கண் இருட்டினால்…

மரத்துப்போகும் விரல்கள், 48-க்கு இறங்கிவிட்ட நாடித்துடிப்பு, உறக்கமின்மை, கைக்கடிகாரம் ஒரு கணம் காட்டிய 212 என்ற துடிப்பு என்று கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் பந்தயத்தின் கடைசிச் சில நூறு மீட்டரில், முழு வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டிக்கொண்டு வந்து, சில விநாடிகள் சாலையே தெரியாமல் போனதை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மருத்துவராக நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரிக்குத்தான்.

நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பது தெரியாமல் இல்லை. அண்ணன் 46 வயதில் திடீரென்று இறந்து ஐந்து வாரங்கள்தாம் ஆகின்றன. உங்களுக்கு வயது 41. அவருக்கு வந்தது எனக்கும் வருமா என்று எழுத மனம் வராமல், துக்கத்தால் இதயம் பலவீனமடையும் என்று இணையத்தில் படித்தேன், இது அதுதானா என்று சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

துக்கம் இதயத்தைத் தாக்கும் என்பது உண்மைதான். நெருங்கிய ஒருவரை இழந்த செய்தி கிடைத்த முதல் நாளில் மாரடைப்புக்கான வாய்ப்பு பல மடங்கு உயர்வதும், அடுத்தடுத்த நாள்களில் அது குறைந்துவருவதும் ஆய்வுகளில் தெரியவந்தவை. நீங்கள் படித்தது, பேரதிர்ச்சியால் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமடையும் டகோட்சுபோ என்ற நிலை; அதை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பேரதிர்ச்சிக்குப் பின் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ, நெஞ்சுவலியாகவும் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படுவது. சனிக்கிழமை, ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையலை நல்ல நேரத்தில் முடித்துவிட்டு, மறுநாள் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டத்தின் முன்வரிசையில் மிதித்த 41 வயது ஆணுக்கு அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உறக்கம் கெட்டிருந்தது, சரியாகச் சாப்பிடவில்லை, சென்னை வெயில், மனம் சரியில்லை என்று காரணங்களை வரிசையாக அடுக்கலாம்தான். ஆனால் இவற்றின் மேல் பழியைப் போடும் உரிமை, இதயத்தில் கோளாறு ஏதுமில்லை என்று சோதித்து உறுதிசெய்த பிறகே எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

மிதிப்பதை நிறுத்திய பின் வரும் மயக்கமும், மிதிக்கும்போதே வரும் மயக்கமும் வேறு வேறு. பந்தயக்கோட்டைத் தாண்டியவுடன் சட்டென்று நின்றுவிட்டால், அதுவரை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கால் தசைகள் ஓய்ந்துவிட, ரத்தம் கால்களிலேயே தேங்கி, மூளைக்குச் செல்லும் அளவு குறைந்து தலை சுற்றும்; படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் சரியாகிவிடும். முழு வேகத்தில் மிதிக்கும்போதோ தசைகள் வேலைசெய்கின்றன, ரத்த அழுத்தம் ஏறியிருக்க வேண்டும், இதயம் ஓய்வு நிலையைப் போலப் பல மடங்கு ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டுகிறது என்றால், இதயம் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியிருக்கலாம், அல்லது அதன் துடிப்பு சில விநாடிகள் தாறுமாறாகியிருக்கலாம். 35 வயதைக் கடந்தவர்களில் இதய ரத்தக்குழாய் அடைப்பை முதலில் தேடுவோம்; அதோடு இதயத் தசை தடித்தல், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் மகாதமனி வால்வு சுருங்குதல், பிறவியிலேயே ரத்தக்குழாய் இடம் மாறியிருத்தல், இதயத் துடிப்பை இயக்கும் மின்னோட்டத்தின் கோளாறுகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். முடித்த பின் விழுபவர்கள் எல்லோரும் பத்திரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2021-இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்ற இத்தாலியர் சோனி கோல்பிரெல்லி, அடுத்த ஆண்டு மார்ச் மாதம் கட்டலோனியப் பந்தயத்தின் முதல் நாள் ஓட்டத்தை முடித்தவுடன் சரிந்து விழுந்தார். மின்அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள், நெஞ்சுக்குள் மின்அதிர்வுக் கருவி பொருத்தினார்கள், அந்த ஆண்டிலேயே அவர் பந்தயங்களிலிருந்து விலகினார்.

அடுத்து, நீங்கள் என்னவோ சாதாரணமாகச் சொல்லியிருக்கும் மாத்திரை. படபடப்பாக இருந்ததால் அண்ணனின் அலமாரியில் மீந்திருந்த, இதயத் துடிப்பைக் குறைக்கும் பிரோப்ரனலாலைத் திங்கட்கிழமையிலிருந்து நான்கு நாள் போட்டுக்கொண்டேன் என்கிறீர்கள். இன்னொருவருக்கு எழுதித்தந்த இதய மாத்திரையை, அதுவும் காரணம் தெரியாமல் இறந்துபோனவரின் மாத்திரையை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்குவதற்கு எப்படித் துணிச்சல் வந்தது? ஆஸ்துமா இருப்பவருக்கு அது மூச்சை அடைக்கும். ஏற்கெனவே மெதுவாகத் துடிக்கும் இதயத்தை இன்னும் மெதுவாக்கும். செய்ய வேண்டிய சோதனையின் முடிவையும் மறைத்துவிடும். இனி அதைத் தொட வேண்டாம். மாதக்கணக்கில் எடுத்துவருபவர்தான் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது; உங்கள் நான்கு நாள் கணக்குக்கு அந்த விதி பொருந்தாது. இணையத்தைப் பார்த்துத் தொடங்கிய ஆஸ்பிரினும் வேண்டாம். துடிப்புக் கோளாறுக்கோ தசைத் தடிப்புக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை, வயிற்றில் ரத்தக்கசிவு மட்டும் மிஞ்சலாம்.

என் கவலை வேறு. அண்ணனுக்கு அந்த மாத்திரையை யார், எதற்காகக் கொடுத்தார்கள்? ஒற்றைத் தலைவலிக்கும், கைநடுக்கத்துக்கும், தைராய்டுப் படபடப்புக்கும்கூட அதைக் கொடுப்பார்கள். இதயத் தசை தடித்தவர்களுக்கும், பரம்பரையாக வரும் சில துடிப்புக் கோளாறுகளுக்கும் கொடுப்பார்கள். உடற்கூறாய்வு செய்யப்படாத நிலையில், மாரடைப்பு என்று சான்றிதழில் எழுதியிருப்பது அனுமானம்தான். ஆகவே இன்றே அண்ணியிடம் கேட்டு, பழைய மருந்துச்சீட்டு, ஈசிஜி, எக்கோ அறிக்கை என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். உங்களுக்குச் செய்யப்போகும் எந்தச் சோதனையையும்விட அந்தக் காகிதம் அதிகம் சொல்லக்கூடும்.

இந்த வாரத்துக்குள் ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயவியல் பிரிவே போதும், பெரிய பெயர்ப்பலகை தேவையில்லை. போனவுடன், 'மிதிக்கும்போதே கண் இருட்டியது, அண்ணன் 46 வயதில் திடீரென்று இறந்தார்' என்று இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள். விரல் மரத்துப்போவதிலிருந்து தொடங்கினால் விட்டமின் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் ஈசிஜி, பிறகு எக்கோ. வால்வும் தசையும் பிரச்சினையில்லை என்று தெரிந்த பிறகே டிரெட்மில் சோதனை, அதுவும் மருத்துவர் உடனிருக்கும்போது. பரிசோதனை முகாமில் நேராக டிரெட்மில்லில் ஏறிவிடாதீர்கள். தேவைப்பட்டால் 24 மணி நேரத் துடிப்புப் பதிவும், இதய ரத்தக்குழாய்களின் சி.டி. ஸ்கேனும் கேட்பார்கள். அதுவரை பந்தயமும் குழுவோடு வேகமாக ஓட்டுவதும் கூடாது, பூங்காவில் நடங்கள். மறுபடியும் கண் இருட்டினாலோ, நெஞ்சு இறுகினாலோ, காரணமின்றித் துடிப்பு எகிறினாலோ 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

மற்றவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது, ஹேண்டில்பார் உள்ளங்கை நரம்பை அழுத்துவதால். பிடியை அடிக்கடி மாற்றுங்கள், கையுறையில் மெத்தை இருக்கட்டும். ஓய்வில் 48 என்பது ஆண்டுக்கணக்கில் மிதிப்பவருக்கு இயல்பானது, மாத்திரை போட்ட நாள்களில் இன்னும் குறைவாகவே காட்டும். மணிக்கட்டுக் கடிகாரங்கள் கை அசைவையும் அதிர்வையும் நாடித்துடிப்பாக எண்ணிவிடுவது உண்டு என்பதால், 212 என்பதைச் சாதாரணமாக நான் சிரித்துத் தள்ளியிருப்பேன்; அது கண் இருட்டிய அதே நேரத்தில் பதிவானது என்பதால் தள்ளவில்லை, அந்தப் பதிவை அழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பந்தயத்துக்கு முன்பு வலி நிவாரணி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; வியர்வையில் நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். துக்க வீட்டிலிருந்து பந்தயத்துக்குப் போனாயே என்று உறவினர்கள் பேசுவதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதில் எனக்குத் தவறாக ஒன்றும் தெரியவில்லை. உறக்கம் இன்னும் சில வாரங்களுக்குச் சீராகாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு மருத்துவரைப் பாருங்கள், அலமாரியைப் பார்க்காதீர்கள்.

அண்ணனுக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதயத் தசை தடித்தல் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருப்பது. பெற்றோரில் ஒருவருக்கு அதற்குரிய மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கு அதுதான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் உங்களோடு அந்தப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அவர்களுக்கும் ஓர் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். அவர்களில் யாராவது ஓடும்போதோ நீந்தும்போதோ எப்போதாவது மயங்கியிருக்கிறார்களா என்று அண்ணியிடம் கேளுங்கள்.