பங்கிறைச்சியும் பெற்றோலும்

கேள்வி: அமெரிக்காவில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் பெற்றோல் விலை ஏறியதற்கு, ஆட்சியில் இருந்தவர்களுக்கே எண்ணெய்க் கம்பனிகளில் பங்கு இருந்ததுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், மாங்குளம்)

பதில்: தம்பி, 'பெட்ரோல்' என்று எழுதாமல் 'பெற்றோல்' என்று எழுதினீரே, அதற்கு முதலில் ஒரு நன்றி. இந்த ஓர் எழுத்துக்காக எங்கள் பக்கம் வடிவமைக்கும் பெடியனோடு மூன்று மாதம் கதைக்காமல் இருந்தவன் நான்.

சரி, 'பங்கு' என்கிறீர். வன்னியில் பங்கு என்றால் எனக்குப் பங்குச்சந்தை ஞாபகம் வராது, பங்கிறைச்சிதான். ஞாயிறு விடியப்புறம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கிடாயை அடித்து, தேக்கமிலையில் கூறு வைப்பார்கள். தராசு கிடையாது, கண்மட்டம்தான். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் சதை, நகக்கண் அளவு ஈரல். எல்லாம் சமம். ஆனால் கத்தி பிடித்தவர் வீட்டுச் சட்டியில் மட்டும் ஈரல் எப்படியோ கூடிவிடும். இருபது வருசமாக எங்கள் ஒழுங்கையில் நானும் கேட்கிறேன், "இந்த ஆட்டுக்கு ஈரல் சின்னன் ஐயா" என்பதே பதில். ஊர் ஆடெல்லாம் குடித்தா ஈரல் சுருங்கினது?

புஷ் 1977இல் ரெக்சாசில் தொடங்கிய எண்ணெய்க் கம்பனியின் பெயர் ஆர்புஸ்ரோ. ஸ்பானிய மொழியில் புதர் என்று பொருள், ஆங்கிலத்தில் புஷ் என்றாலும் அதே புதர்தான். துணை ஜனாதிபதி டிக் செனி 1995 தொடக்கம் 2000 வரை, எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலை செய்துகொடுக்கும் ஹலிபேர்ட்டனின் தலைவர். புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகராக வந்த கொண்டலீசா ரைஸ் அதற்கு முதல் பத்து வருசம் செவ்ரோன் எண்ணெய்க் கம்பனியின் இயக்குநர் சபையில் இருந்தவர், அந்தக் கம்பனி ஓர் எண்ணெய்க் கப்பலுக்கே அவர் பெயரை வைத்தது. அவர் அரசாங்கத்துக்குள் போன 2001இல் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். முல்லைத்தீவில் வள்ளத்துக்கு மகளின் பெயர் வைப்பவர்கள், அவள் கலியாணம் முடித்துப் போன பிறகும் அதை அழிப்பதில்லை.

ஆனாலும் விலையை ஏற்றியது இவர்கள்தான் என்று நான் சொல்லமாட்டேன். 2008 யூலையில் மசகெண்ணெய் பீப்பா 147 டொலரைத் தொட்டது, டிசம்பரில் 40க்கும் கீழே விழுந்தது. அப்போதும் அதே புஷ், அதே கதிரை. ஏற்றத் தெரிந்தவருக்கு விழாமல் பிடிக்கத் தெரியாதா? வங்கிகள் கவிழ, வாங்க ஆளில்லை, விலை விழுந்தது. ஏறினபோது ஈரல் எந்தச் சட்டிக்குப் போனது என்று கேளும், அது நல்ல கேள்வி. அந்த ஒரு வருசம் எக்ஸொன் மோபில் எண்ணெய்க் கம்பனிக்கு 4,500 கோடி டொலருக்கு மேல் இலாபம். அங்கே சட்டம் இயற்றுகிறவர்கள் இன்றும் எண்ணெய்ப் பங்கு வைத்திருக்கலாம், 2012இல் வந்த சட்டப்படி வாங்கினதை விற்றதை 45 நாளுக்குள் வெளியே சொன்னால் போதும். கிடாயைத் தின்று ஏப்பமும் விட்டு, ஒன்றரை மாதம் கழித்துக் கணக்குக் காட்டுவது!

இங்கே எண்ணெய்க் கூட்டுத்தாபனம் 1961இலிருந்து அரசின் சொத்து, எந்த மந்திரியும் அதில் பங்கு வாங்க முடியாது. இருந்தும் டொலர் இல்லாமல் 2022 யூனில் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வரிசையில் நிற்காமல் பின்பக்கத்தால் கான் நிரப்பிக்கொண்டு போனவர்களையும் கண்டேன். எந்தப் பெற்றோல் செட் என்று எழுதமாட்டேன், நாளைக்கும் அங்கேதான் அடிக்கவேண்டும்.

எங்களுக்கு அது புதிதுமில்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு உதைத்து, இயந்திரம் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினவர்கள் நாங்கள். பின்னால் வருகிறவன் இருமலிலேயே இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவான். என்னுடைய அந்தப் போத்தலை 1998இல் இரவல் வாங்கிய நண்பர் இன்னும் திருப்பித் தரவில்லை. இந்தப் பக்கத்தை அவர் தவறாமல் வாசிப்பவர். ஐயா, உள்ளே அரைப்போத்தல் பெற்றோலும் இருந்தது.