காட்டுக்கு யார் உரம் போடுகிறார்கள்? என் மக்காச்சோளம் ஏன் வெளிறுகிறது?

கேள்வி: இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறேன். காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லையே என்று மூன்று வருடம் முன்பு எல்லா உரத்தையும் நிறுத்திவிட்டேன். முதல் வருடம் ஏக்கருக்கு இரண்டரை டன் வந்தது, குறையே இல்லை. அடுத்த வருடம் இரண்டு, போன வருடம் ஒன்றரை. அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் தட்டையை விற்றதுதான் தப்போ என்று நினைத்து, இந்த முறை அதை விற்காமல் மடக்கி உழுது, பத்தாம் நாள் விதைத்தேன். 25 நாள் பயிர் வெளிறிப்போய் நிற்கிறது. சத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஏன் இப்படி?

பதில்: நீங்கள் செய்தது தப்பில்லை, செய்த நேரம்தான் தப்பு. அவசரம் பயிருக்குத்தான் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

காய்ந்த தட்டை 100 கிலோவில் கார்பன் 40 கிலோ இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) 700 கிராம் இருந்தால் அதிகம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு இந்தக் கார்பன்தான் சாப்பாடு. அதில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக விட்டுவிட்டு, மீதி 13 கிலோவைத் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்கின்றன. அந்த உடம்பில் எட்டு அல்லது பத்து பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தாக வேண்டும். அப்படியென்றால் ஒன்றே கால் முதல் ஒன்றரை கிலோ தேவை. தட்டையில் இருப்பதோ அதில் பாதி. மீதியை எங்கே எடுக்கும்? உங்கள் பயிர் குடிக்க வேண்டிய மண்நீரிலிருந்துதான். இந்தப் போட்டியில் வேர் ஜெயிப்பதில்லை. நுண்ணுயிர்கள் எண்ணிக்கையிலும் அதிகம், வேகத்திலும் அதிகம்.

ஏக்கருக்கு ஒன்றரை டன் தட்டையை மடக்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ தழைச்சத்து இப்போது நுண்ணுயிர்களின் உடம்பில் பூட்டிக் கிடக்கிறது. அது தொலைந்து போகவில்லை. தீனி தீர்ந்து அவை சாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குத் திரும்பும். ஆனால் அதற்குப் பல வாரம் ஆகும், மக்காச்சோளம் அவ்வளவு நாள் காத்திருக்காது.

அந்த 10 கிலோவை இப்போது வெளியிலிருந்து கொடுங்கள். யூரியா என்றால் ஏக்கருக்கு 22 கிலோ போதும். ஈரம் இருக்கும்போது வேர்ப்பக்கம் வைத்து மண் அணையுங்கள், மேலே தூவிவிட்டுப் போனால் ஒரு பகுதி ஆவியாகிவிடும். யூரியாவே வேண்டாம் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மாட்டுச் சிறுநீரில் தழைச்சத்து ஒரு சதவீதம் அளவுக்குத்தான், ஆயிரம் லிட்டர் வேண்டும். பத்து லிட்டரைக் கரைத்துத் தெளித்தால் மனசுக்குத் திருப்தி, பயிருக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, காட்டு விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. காட்டில் இரண்டு விதமான ஓட்டம் நடக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம். ஒன்று ஆற்றல். வெயிலிலிருந்து இலைக்கு வருகிறது. இலையைத் தின்னும் புழுவுக்கு, புழுவைத் தின்னும் பறவைக்கு என்று போகிறது. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அடுத்த உயிரின் உடம்பாகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும், போனது திரும்பாது. தினமும் புது வெயில் வருவதால் அது பிரச்சினையும் இல்லை.

இன்னொன்று சத்து. மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்து எல்லாம் வெயிலோடு வருவதில்லை. விழுந்த இலை மட்கி, அதே மரத்தின் வேருக்கே போகிறது. காடு உரமில்லாமல் வாழ்வது, அங்கிருந்து எதுவும் வெளியே போகாததால்தான். கொஞ்சம் கசியத்தான் செய்யும், அந்தக் கசிவைப் பாறை கரைந்தும் காற்றில் வரும் தூசியும் ஈடுகட்டும். அமேசான் காட்டுக்கே சகாரா பாலைவனத்துத் தூசியோடு வருடத்துக்குச் சுமார் 22,000 டன் மணிச்சத்து வந்து சேர்கிறது என்று 2015-இல் கணக்கிட்டார்கள். ஆகாயத்திலிருந்து யாரோ உரம் போடத்தான் செய்கிறார்கள்!

உங்கள் வயலில் வாசல் திறந்து கிடக்கிறது. ஒரு டன் மக்காச்சோள மணியில் சுமார் 15 கிலோ தழைச்சத்தும் 3 கிலோ மணிச்சத்தும் 4 கிலோ சாம்பல்சத்தும் வெளியே போகின்றன. (இது தனிமக் கணக்கு. உர மூட்டையில் போட்டிருக்கும் கணக்கோடு ஒப்பிட, மணிச்சத்தை 2.3 ஆலும் சாம்பல்சத்தை 1.2 ஆலும் பெருக்குங்கள்.) தட்டையிலோ சாம்பல்சத்து மட்டும் டன்னுக்குப் பத்து கிலோவுக்கு மேல். ஆக, மணியைவிடத் தட்டையை விற்றதில்தான் சாம்பல்சத்து அதிகம் போயிருக்கிறது. முதல் வருடம் குறையாததற்குக் காரணம் பழைய உரத்தின் மிச்சமும் மண்ணில் இருந்த மட்குப் பொருளும். சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சரிவு பூஜ்யம் வரை போகாது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843 முதல் உரமே காணாத ஒரு கோதுமைப் பாத்தி இருக்கிறது. அதில் இன்றும் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவுக்கு விளைகிறது. உரமில்லாமல் விளையுமா என்றால் விளையும். அந்த அளவு போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் தட்டையை மாட்டுக்குப் போடுங்கள் என்பேன், மாடு இருந்தால். மாடு எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஆற்றலைத்தான். தின்ற சத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியே வந்துவிடும். சாம்பல்சத்தில் பெரும்பகுதியும், தழைச்சத்தில் பாதி அளவும் சிறுநீரில்தான் போகின்றன. சாணத்தைப் பத்திரமாகக் குவித்துவிட்டுச் சிறுநீரைத் தரையில் விடுகிறோமே, அங்கேதான் நஷ்டம். தொழுவத்தில் தட்டைத் துண்டுகளையே பரப்பி அதை உறிஞ்ச விடுங்கள், பிறகு சாணத்தோடு சேர்த்து மட்க வையுங்கள். நுண்ணுயிர்கள் தங்கள் பசியை வயலுக்கு வெளியிலேயே தீர்த்துக்கொள்ளும்.

மாடு இல்லையென்றால் தட்டையைத் துண்டாக்கி, விதைப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மடக்குங்கள். அல்லது உழாமல் மண்மேல் மூடாக்காக விடுங்கள். மேல்மண்ணைத் தொட்டபடி கிடப்பது மட்டும் மெதுவாக மட்கும், வேர் மண்டலத்தில் இந்தப் பஞ்சம் வராது. எரிக்க மட்டும் வேண்டாம். சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிஞ்சும், தழைச்சத்து புகையோடு போய்விடும்.

அப்புறம், மழைக்காலத்தில் வயலை வெறுமனே விடாதீர்கள். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965-66 குளிர்காலத்தில் ஒரு சரிவு முழுவதையும் வெட்டிவிட்டு, எதுவும் முளைக்காமல் தடுத்துப் பார்த்தார்கள். ஓடையில் போன நைட்ரேட் (தண்ணீரில் கரைந்த தழைச்சத்து) 40 மடங்குக்கு மேல் ஏறியது. பிடித்துவைக்க வேர் இல்லாவிட்டால் காடும் ஒழுகும். இடையில் ஒரு பயறு போட்டால் வேரும் இருக்கும், காற்றிலிருந்து தழைச்சத்தும் வரும். ஆனால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் காற்றில் இல்லை. அவற்றை வெளியிலிருந்து கொண்டுவரத்தான் வேண்டும், எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்லும்.

யூரியா வைக்கும் முன் அடி இலைகளைப் பாருங்கள். நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறைதான். நடு நரம்பு பச்சையாக இருந்து ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் குறையும் சேர்ந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் நான்கு வரிசைக்கு மட்டும் முதலில் வையுங்கள். ஒரு வாரத்தில் அந்த வரிசைகள் மட்டும் பச்சை கட்டினால் மீதிக்கும் வைக்கலாம்.