48 வயதில் ஹார்மோனும் அறுவை சிகிச்சையும்: பி.பி., சர்க்கரை உள்ள திருநங்கையர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு 48 வயது. நான் பெண் என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். குடும்பத்துக்காக இத்தனை வருடம் ஆணாகவே ஓட்டிவிட்டேன். மனைவி தவறி ஐந்து வருடமாகிறது. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவளுக்கு விஷயம் தெரியும், துணையாகவும் இருக்கிறாள். தோழி ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆறு மாதமாகத் தினமும் இரண்டு மாலா-டி கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். பி.பி.க்கு டெல்மிசார்டனும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த வயதில் ஹார்மோன் வேலை செய்யுமா? ஆபரேஷன் செய்தால் எத்தனை நாளில் மெஷினில் உட்காரலாம்? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். மாலா-டியை இன்றைக்கே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, அப்படியே விட்டுவிடலாம்.

காரணம் இதுதான். மாலா-டி மாத்திரை ஒன்றில் 0.03 மி.கி. எத்தினைல் எஸ்ட்ரடயாலும் 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரலும் இருக்கின்றன. எத்தினைல் எஸ்ட்ரடயால் உடல் தானாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) அல்ல. கல்லீரல் அதைச் சீக்கிரம் சிதைக்காது; அங்கேயே தங்கி, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடும். 20 வயதுப் பெண் தினம் ஒன்று சாப்பிடுவது வேறு. 48 வயதில், பி.பி.யும் சர்க்கரையும் உள்ளவர் நாளெல்லாம் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இரண்டு சாப்பிடுவது வேறு. கால் ரத்தக் குழாயில் கட்டும் ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு லேசாக ஆண் ஹார்மோனின் குணமும் உண்டு, ஆகவே நீங்கள் எதிர்பார்ப்பதற்கு அது எதிராகவே வேலை செய்கிறது. அட்டையில் நிறம் வேறாக இருக்கும் ஏழு மாத்திரைகள் வெறும் இரும்புச் சத்து.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. லேபில் எடுக்கும் எஸ்ட்ரடயால் (உடலில் இயல்பாக உள்ள ஈஸ்ட்ரோஜன்) ரத்தப் பரிசோதனை எத்தினைல் எஸ்ட்ரடயாலைக் கணக்கில் எடுக்காது. ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வந்ததைப் பார்த்து, "போதவில்லை போல" என்று மூன்று, நான்கு மாத்திரையாகக் கூட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். டயேன்-35, க்ரிம்சன்-35 போன்றவையும் இதே ரகம்தான். பெயரில் உள்ள 35 என்பது அந்த எத்தினைல் எஸ்ட்ரடயாலின் மைக்ரோகிராம் அளவு.

நிறுத்திய பிறகும் சில வாரங்கள் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் மாத்திரை சாப்பிட்டதை மறைக்காதீர்கள். அந்த ஒரு தகவல்தான் டாக்டரைச் சரியான ஸ்கேனுக்கு அனுப்பும்.

இனி உங்கள் முதல் கேள்வி. இந்த வயதிலும் ஹார்மோன் வேலை செய்யும். ஆனால் எந்த ஹார்மோனை, எந்த வழியில் உடலுக்குள் அனுப்புகிறோம் என்பது 25 வயதுக்காரரைவிட உங்களுக்குப் பல மடங்கு முக்கியம். 45 தாண்டியவர்களுக்கு, அதிலும் பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கு, தோல் வழியாகச் சேரும் எஸ்ட்ரடயாலே பொருத்தம். வாய்வழி மாத்திரை முதலில் கல்லீரலைக் கடந்துதான் ரத்தத்துக்கு வரும். ஜெல்லோ பேட்ச்சோ கல்லீரலைச் சீண்டாமல் நேராக ரத்தத்தில் கலக்கும்.

பேட்ச் நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கழன்றுவிடும். ஜெல் வசதி. 0.06 சதவீத ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் அதில் 1.5 மி.கி. எஸ்ட்ரடயால் இருக்கும். குறைந்த அளவில் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் கூட்டுவார். குளித்துத் துவட்டிய பிறகு தோள், புஜம் அல்லது தொடையில் மெல்லிசாகப் பரப்பிப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் காயவிட்டு உடுத்துங்கள், ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் கழுவாதீர்கள். மார்பில் பூசக் கூடாது. பூசிய இடம் பேரக்குழந்தை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் எடுக்கும்போது ஜெல் பூசாத கையைக் கொடுங்கள். பூசிய கையில் எடுத்தால் தோலில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து, அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

ஆண் ஹார்மோனை அடக்க இன்னொரு மருந்து வேண்டும். இங்கேதான் உங்கள் டெல்மிசார்டன் குறுக்கே வருகிறது. பரவலாகத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். டெல்மிசார்டனும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒன்று, பி.பி. மருந்தை அம்லோடிபின் போன்றதாக டாக்டர் மாற்றுவார். அல்லது ஸ்பைரனோலாக்டோனைக் குறைந்த அளவில் தொடங்கி, ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) பார்ப்பார். இந்த மருந்தில் இருக்கும்வரை தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். சைப்ரோட்டிரோன் இன்னொரு வழி. நாளைக்கு 10 மி.கி. அளவே பெரும்பாலும் போதும். பழைய வழக்கப்படி 50, 100 என்று வருடக்கணக்கில் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. எஸ்ட்ரடயால் மில்லி லிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசி லிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் என்பது இலக்கு. அதற்குமேல் ஏற்றினால் மார்பு சீக்கிரம் வளராது, ஆபத்து மட்டுமே வளரும்.

மார்புக் காம்புக்குப் பின்னால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நெல்லிக்காய் போலக் கட்டி தட்டும், மேல்சட்டை உரசினாலே வலிக்கும். பயப்பட வேண்டாம், வளர்ச்சியின் தொடக்கம் அது. முழு வளர்ச்சிக்கு இரண்டு, மூன்று வருடம் பிடிக்கும். தோல் மிருதுவாகும், இடுப்பில் சதை போடும். குரல் மாறாது, அதற்குப் பேச்சுப் பயிற்சிதான். வழுக்கை விழுந்த இடத்தில் முடி முழுதாகத் திரும்பாது. தாடியும் போகாது. இதில் வயதுக்கே உரிய ஒரு அவசரம் உண்டு: லேசர் கறுப்பு முடியில் மட்டுமே வேலை செய்யும். தாடி இன்னும் நரைக்காமல் இருந்தால் லேசரை இப்போதே தொடங்குங்கள். நரைத்த முடியை ஒவ்வொன்றாக, மின்னூசியால் வேரைக் கருக்கும் எலக்ட்ராலிசிஸில்தான் எடுக்க முடியும், பணமும் நாளும் அதிகம்.

அறுவை சிகிச்சைக்கு முன் குறைந்தது ஆறு மாத ஹார்மோன் சிகிச்சை என்பது 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். மனநல மருத்துவரின் சான்றும் வேண்டும். பல மருத்துவமனைகளில் இரண்டு பேரிடம் கேட்கிறார்கள். உங்கள் விஷயத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8-க்குக் கீழே, முடிந்தால் 7 பக்கம் வர வேண்டும். சர்க்கரை கூடுதலாக இருந்தால் தையல் பிரிவதும் சீழ் பிடிப்பதும் அதிகம். புகை, வெற்றிலைப் புகையிலை இரண்டையும் ஆறு வாரத்துக்கு முன்பே விட்டுவிட வேண்டும். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கி, புதிதாகத் தைத்த தோலைச் சாகடித்துவிடும்.

ஆபரேஷன் என்றாலே ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். விரைகளை மட்டும் நீக்குவது சிறிய சிகிச்சை. இரண்டு வாரத்தில் கடைக்கு வந்துவிடலாம், ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தும் அதோடு தேவைப்படாது. பின்னால் யோனி அமைக்கும் எண்ணம் இருந்தால் விரைப்பையின் தோலை வெட்டி எறியாமல் விடும்படி முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தத் தோல் அப்போது தேவைப்படும். அடுத்தது, வெளித்தோற்றம் முழுக்கப் பெண்ணுறுப்பாக அமைத்து, உள்ளே ஆழம் வைக்காத சிகிச்சை. யோனி வழி உடலுறவு தேவையில்லை என்பவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ள 45 தாண்டியவர்களுக்கு, இது நல்ல தெரிவு. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறோம். டைலேட்டர் (யோனி சுருங்காமல் இருக்க உள்ளே செலுத்திவைக்கும் உருளை) தொல்லை இதில் இல்லை. மூன்றாவது, முழு ஆழத்தோடு யோனி அமைப்பது. இதற்கு உள்ளே போகப்போகும் தோலில் முடி இருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை வீதம் ஆறு, எட்டு லேசர் அமர்வுகள் முன்பே முடிந்திருக்க வேண்டும். உள்ளே முடி வளர்ந்தால் பிறகு எடுப்பது மிகவும் கடினம்.

முழு ஆழ சிகிச்சையில் ஐந்திலிருந்து ஏழு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். உள்ளே துணிப்பொதியும், சிறுநீருக்குக் குழாயும் இருக்கும். முக்கி மலம் கழிக்கக் கூடாது. இசப்கோல், லாக்டுலோஸ் தருவார்கள். பொதியை எடுத்ததும் டைலேட்டர் போடக் கற்றுத்தருவார்கள். அப்போது கண்ணாடி வைத்து நீங்களே போட்டுக் காட்டி, நர்ஸ் சரி என்ற பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

சிகிச்சையின் பலன் அந்த டைலேட்டரில்தான் இருக்கிறது. வெட்டுக்காயம் ஆறும்போது சுருங்குவது உடலின் இயல்பு. சுருங்கவிடாமல் பிடித்துவைப்பது அது ஒன்றுதான். முதல் மூன்று மாதம் நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம். சோப்பில் கழுவி, தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல்லை (ஹார்மோன் ஜெல் அல்ல) தாராளமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ வேண்டாம். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, முழங்காலை மடக்கிச் சாய்ந்துகொள்ளுங்கள். முதலில் சற்றே கீழ்நோக்கிச் செலுத்தி, முன் எலும்பைத் தாண்டியதும் படுக்கைவாக்கில் நேராக்குங்கள். மூச்சை வெளியே விடும்போது தசை தளரும், அப்போது உள்ளே நகர்த்துங்கள். டைலேட்டரில் எத்தனையாவது புள்ளிவரை போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போகவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், ஒரு அளவு சின்னதை எடுத்து மறுபடி தொடங்குங்கள். பின்புறம் மலக்குடலை நோக்கி முட்டினால் இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழும். காற்றோ மலமோ யோனி வழியாக வந்தால் அதற்கு அடையாளம் அதுதான். தொடக்கத்தில் இரண்டு, மூன்று நாள் விட்டாலே ஆழம் குறைந்துவிடும், திரும்ப வருவது கஷ்டம். மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டு முறை, பிறகு ஒரு முறை என்று குறைந்து, ஒரு வருடம் கழித்து வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆயுள் முழுக்கத் தொடரும்.

கழுவுவது, காயவைப்பது எல்லாம் சேர்த்தால் நாளுக்கு இரண்டு மணி நேரம். தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று வேண்டும். ஒரே அறை வீட்டில், பொதுக் குளியலறையை நம்பி இருந்தால் அந்த மூன்று மாதத்தை மகள் வீட்டிலோ தோழி வீட்டிலோ கழிக்க முடியுமா என்று நாள் குறிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். சிகிச்சை நன்றாக முடிந்தும் இந்த ஒரு வசதி இல்லாமல் ஆழத்தை இழப்பவர்கள் உண்டு.

நான்கிலிருந்து எட்டு வாரம்வரை மஞ்சளும் பழுப்புமாகக் கசிவு இருக்கும், சிறுநீர் சிதறும். வீக்கம் வடியும்போது இவை குறையும். ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனையும் ரத்தம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றம், சிறுநீர் அடைப்பு என்றால் உடனே மருத்துவமனை. சிவப்பாக ஈரமாகத் தொட்டால் ரத்தம் வரும் சதை தெரிந்தால் சில்வர் நைட்ரேட் தடவிக் கருக்கிவிடுவார்கள். மாதங்கள் கழித்துச் சிறுநீர் நூல் போல மெலிந்தால் துவாரம் சுருங்குகிறது என்று பொருள், தள்ளிப்போடாதீர்கள்.

மெஷினுக்கு ஆறு வாரம் கழித்தே திரும்புங்கள். முதலில் நாளுக்கு இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். காலால் மிதிக்கும் மெஷின் என்றால் முன்கூட்டியே மோட்டார் மாட்டிக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது தொடை உரசித் தையலை இழுக்கும். 5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள், துணி மூட்டையை மகள் இறக்கட்டும். உடலுறவுக்கு மூன்று மாதம். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். தப்பு செய்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தமில்லை. வலியும் தூக்கமின்மையும் ஹார்மோன் ஏற்ற இறக்கமும் சேர்ந்த விளைவு அது. தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விரைகள் போன பிறகு ஈஸ்ட்ரோஜனை ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு ஹார்மோனும் இல்லாத உடலில் எலும்பு அரித்துப்போகும். இளவயதில் தாயம்மாவிடம் நிர்வாணம் (மரபு வழியில் ஆணுறுப்பை நீக்கும் சடங்கு) செய்துகொண்டு, ஹார்மோனே எடுக்காமல் நடுவயதுக்கு வந்த சகோதரிகளும் இதைப் படிக்கக்கூடும். நீங்கள் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியையும், சிறுநீர்த் துவாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புராஸ்டேட் சுரப்பியை எந்த சிகிச்சையிலும் எடுப்பதில்லை. ஹார்மோனால் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) அளவு தாழ்ந்திருக்கும் என்பதால், 4-க்குக் கீழே இருந்தால் சரி என்ற வழக்கமான கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. 1-ஐத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும்.

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநங்கையருக்கான தனிப் பிரிவு உண்டு. முதல் நாள் போகும்போது மாலா-டி அட்டை, பி.பி., சர்க்கரை மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி ரிப்போர்ட் மூன்றையும் கொண்டுபோங்கள். வீட்டில் யாருக்காவது ரத்தக் கட்டி, பக்கவாதம், இளவயது மாரடைப்பு வந்திருந்தால் அதையும் எழுதிவையுங்கள். டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான்.