டிஸ்க்கைப் பெரிதாக்கியும் இடம் கூடவில்லையா? கேள்வி பதில்

விர்ச்சுவல் மெஷினின் (மென்பொருளால் உருவாக்கிய கணினி) டிஸ்க்கைப் பெரிதாக்கிய பிறகு வரும் சிக்கல்களைப் பற்றி, சிங்கப்பூரில் சர்வர் பராமரிப்பில் இருக்கும் தமிழர்கள் அவரவர் பகுதியின் பெயரில் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். கட்டளைகள் ரூட் உரிமையோடு அடிக்க வேண்டியவை.

ஜூரோங் ஈஸ்ட்: அண்ணே, விஎம்வேர்ல 40 ஜிபி டிஸ்க்க 80 ஆக்கிட்டு ரீபூட்டும் பண்ணிட்டேன். உபுண்டுக்குள்ள டிஎஃப் -எச் அடிச்சா இன்னும் 19 ஜிபிதான் காட்டுது. எங்க தப்பு?

பதில்: தப்பு எதுவும் இல்லை தம்பி, வேலை பாதியில் நிற்கிறது. விஎம்வேரில் நீங்கள் மாற்றியது அடியில் இருக்கும் முதல் அடுக்கை மட்டும். அதற்கு மேல் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி), அதன் மேல் எல்விஎம்மின் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் லினக்ஸ் அமைப்பு) பிசிக்கல் வால்யூம், அதிலிருந்து வெட்டிய லாஜிக்கல் வால்யூம், உச்சியில் கோப்புகள் இருக்கும் ஃபைல்சிஸ்டம். டிஎஃப் காட்டுவது உச்சியை. பெரிதாக்கும்போது கீழிருந்து மேலே, ஒவ்வொன்றாக ஏற வேண்டும்.

முதலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே அடியுங்கள். எஸ்டிஏ (டிஸ்க்) 80 என்றும் எஸ்டிஏ3 (அதன் மூன்றாம் பார்ட்டிஷன்) 38 என்றும் இருந்தால் பார்ட்டிஷனில் நிற்கிறது. பிறகு இந்த வரிசை:

குரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 3 (எஸ்டிஏவுக்கும் 3க்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும், சேர்த்து அடித்தால் ஓடாது)
பிவிரீசைஸ் /டெவ்/எஸ்டிஏ3
எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ /டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி

கடைசிக் கட்டளையில் உள்ள -ஆர் ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். அதை விட்டுவிட்டு, லாஜிக்கல் வால்யூம்களைக் காட்டும் எல்விஎஸ்ஸில் புதிய அளவு தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம்.

உங்கள் 19 ஜிபியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உபுண்டு சர்வரின் இன்ஸ்டாலர் எல்விஎம் போடும்போது, இந்த அளவு டிஸ்க்கில் ரூட் (/) ஃபைல்சிஸ்டத்துக்குப் பாதியைத்தான் தரும். மீதியை வால்யூம் குரூப்பில் (பிசிக்கல் வால்யூம்களின் மொத்த இடம்) சும்மா வைத்திருக்கும். விஜிஎஸ் அடித்து விஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்திருந்தால், ஏற்கெனவே 19 ஜிபி கையில் இருந்தது தெரிந்திருக்கும். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் அந்தப் பத்தியைப் பாருங்கள்.

சாங்கி பிசினஸ் பார்க்: வங்கியில் ஓடும் சர்வர். ரீபூட் செய்யாமல் முடியுமா சார்? விஎம்வேரில் அளவை மாற்றும் பெட்டியே மங்கலாக இருக்கிறது.

பதில்: பெட்டி மங்கலாக இருந்தால் பெரும்பாலும் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்தது) காரணம். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை விஎம்வேர் அடிப்படை டிஸ்க்கின் அளவை மாற்ற விடாது. யாருடையது, எதற்கு எடுத்தது என்று கேட்டுவிட்டு நீக்குங்கள். பழைய பெரிய ஸ்னாப்ஷாட் என்றால் ஒன்றுசேரும்போது ஸ்டோரேஜ் மெதுவாகும். வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

ரீபூட் தேவையில்லை. லினக்ஸ் கெர்னல் புதிய அளவைப் பார்க்கவில்லை என்றால் /சிஸ்/கிளாஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/ரீஸ்கேன் கோப்புக்குள் எக்கோவால் 1 எழுதினால் போதும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் கொள்ளளவு மாறிய செய்தி வரும். விஎம்வேருக்குப் பதில் லினக்ஸின் கேவிஎம்மில் விர்ட்ஐஓ பிளாக் வகை டிஸ்க்காக இருந்தால், ஹோஸ்ட்டில் (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கணினி) விர்ஷ் பிளாக்ரீசைஸ் கொடுத்ததும் உள்ளே தானாகவே தெரியும். ஆனால் மெஷின் ஓடும்போது ஹோஸ்ட்டில் கியூஎமு-ஐஎம்ஜி ரீசைஸ் அடிக்காதீர்கள், இமேஜ் கெட்டுப்போகும்.

முக்கியமான சிஸ்டங்களுக்குத் திட்டமிடாத நிறுத்தம் எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்றாலும், அறிவித்த நேரத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். தொடங்கும் முன் எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ தரும் பார்ட்டிஷன் அட்டவணையை வேறொரு மெஷினில் சேமியுங்கள். அதே டிஸ்க்கில் சேமித்தால் தேவைப்படும் நாளில் அது கைக்கு வராது.

தெம்பனிஸ்: டெபியன். குரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 1 அடித்தால் நோசேஞ்ச் என்கிறது. ஆனால் டிஸ்க் 20லிருந்து 50 ஆனது எல்எஸ்பிஎல்கேயில் தெரிகிறது.

பதில்: எஸ்டிஏ2, எஸ்டிஏ5 என்று இரண்டு வரிகள் இருக்குமே, அவைதான் வழியை மறிக்கின்றன. எஸ்டிஏ2 எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (மற்ற பார்ட்டிஷன்களை உள்ளே வைப்பது), அதற்குள் எஸ்டிஏ5 ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்). புதிய 30 ஜிபி இவற்றுக்குப் பின்னால் கிடக்கிறது. பார்ட்டிஷன் தனக்கு ஒட்டிய காலி இடத்துக்குள்தான் வளரும்.

ஸ்வாப்ஆஃப் -ஏ கொடுத்து, பார்ட்டெட்டில் முதலில் 5ஐயும் பிறகு 2ஐயும் நீக்குங்கள். இப்போது குரோபார்ட் ஓடும். பின் ஃபைல்சிஸ்டத்தைப் பெரிதாக்க ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ1. ஸ்வாப்புக்குக் கோப்பு போதும்: ஃபாலோகேட் -எல் 2ஜி /ஸ்வாப்ஃபைல், சிஎச்மோட் 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன்.

இத்தோடு விட்டால் அடுத்த ரீபூட்டில் வம்பு. எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டியவற்றின் பட்டியல்) பழைய ஸ்வாப்பின் யுயுஐடி (அடையாள எண்) இருந்தால், இல்லாத சாதனத்துக்காக சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கும் நிரல்) 90 விநாடி காத்திருக்கும். அந்த வரியை மாற்றுங்கள். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் கோப்பிலும் அதே யுயுஐடி இருக்கலாம்; அங்கே ரெஸ்யூம்=நன் என்று போட்டு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டுங்கள்.

எஃப்டிஸ்க்கால் பார்ட்டிஷனை அழித்துத் திரும்ப உருவாக்கும் பழைய வழியில் போவதாக இருந்தால், தொடக்க செக்டர் எண் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். இப்போதைய டிஸ்க்குகளில் முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 2048இல் தொடங்கும், மிகப் பழையவற்றில் 63. அழிக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சிக்னேச்சரை நீக்கவா என்று எஃப்டிஸ்க் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செங்காங்: ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்தால் சூப்பர்பிளாக்கில் மேஜிக் நம்பர் தவறு என்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ராக்கி, ஆல்மா, ரெட் ஹேட் என்ற லினக்ஸ் வகைகள் என்றால் அது பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல்சிஸ்டம். ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு அது புரியாது. டிஎஃப் -டி, அந்த டி பெரிய எழுத்தில், அடித்து வகையைப் பாருங்கள். பிறகு எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் /. இதற்கு மவுண்ட் ஆன இடத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்: ஃப்ரீபிஎஸ்டி சர்வர். டிஸ்க்கைப் பெரிதாக்கியதும் ஜிபார்ட் ஷோ அடித்தால் கரப்ட் என்று வருகிறது. பேக்கப்பிலிருந்து மீட்டுவிடவா?

பதில்: வேண்டாம், தகவல் எதுவும் கெடவில்லை. ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு: ஒன்று டிஸ்க்கின் தொடக்கத்தில், இன்னொன்று கடைசியில். டிஸ்க் நீண்டதும் பழைய கடைசி நடுவுக்கு வந்துவிட்டது. புதிய கடைசியில் பிரதி இல்லை என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. ஜிபார்ட் ரெகவர் டிஏ0 (டிஏ0 என்பது டிஸ்க்கின் பெயர்) அதைச் சரியான இடத்தில் எழுதிவிடும். லினக்ஸில் இதே வேலைக்கு எஸ்ஜிடிஸ்க் -இ.

அடுத்து ஜிபார்ட் ரீசைஸ் -ஐ 4 டிஏ0. அந்த 4 என் உதாரணம். உங்கள் எண்ணை ஜிபார்ட் ஷோவில் பார்த்துப் போடுங்கள். ஃபைல்சிஸ்டம் யுஎஃப்எஸ் என்றால் குரோஎஃப்எஸ் / என்று முடித்துவிடலாம். இசட்எஃப்எஸ் என்றால் இசட்பூல் ஆன்லைன் -இ இசட்ரூட் டிஏ0பி4. சாதனத்தின் பெயர் இசட்பூல் ஸ்டேட்டஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். இங்கும் ரூட்டுக்குப் பின்னால் ஸ்வாப் இருந்தால் அதை முதலில் அகற்ற வேண்டும்.

பிடோக்: ரூட் 100% நிரம்பிவிட்டது. பெரிதாக்கலாம் என்றால் குரோபார்ட்டே இடமில்லை என்கிறது!

பதில்: குரோபார்ட் /டெம்ப்பில் தற்காலிக அடைவு ஒன்றை உருவாக்கும். அதற்கும் இடமில்லை. மவுண்ட் -டி டெம்ப்எஃப்எஸ் -ஓ சைஸ்=10எம் டெம்ப்எஃப்எஸ் /டெம்ப் என்று நினைவகத்திலிருந்து கொஞ்சம் கொடுத்து, ஓட்டி முடித்ததும் அன்மவுண்ட் செய்யுங்கள். எல்விஎம்மும் மாற்றத்துக்கு முன் /இடிசி/எல்விஎம்/ஆர்க்கைவில் எழுதும், அதுவும் நின்றுவிடலாம். ஆப்ட்-கெட் கிளீன் அல்லது ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம் கொடுத்து முதலில் கொஞ்சம் காலி செய்வது நல்லது.

பெரிய லாகை நீக்கியும் இடம் வரவில்லை என்றால் எல்எஸ்ஓஎஃப் +எல்1 (அந்த எல் பெரிய எழுத்தில்) பாருங்கள். ஏதோ ஒரு சேவை அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பும்.

புக்கிட் பாத்தோக்: 3 டிபி கொடுத்தும் பார்ட்டிஷன் 2 டிபிக்கு மேல் போகவில்லை.

பதில்: காரணம் எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை. செக்டர் எண்ணுக்கு 32 பிட், ஒரு செக்டர் 512 பைட். பெருக்கினால் 2 டெபிபைட். ஜிபிடிக்கு மாற்றலாம், ஆனால் பூட் டிஸ்க்கில் கிரப்பையும் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். தகவல் மட்டும் வைக்கத்தான் என்றால், புதிதாக இரண்டாவது டிஸ்க் சேர்த்து எல்விஎம்மில் இணைப்பது பாதுகாப்பானது.

ஈசூன்: புராக்ஸ்மாக்ஸில் கியூஎம் ரீசைஸ் 101 ஸ்கஸி0 +200ஜி என்று கைதவறி அடித்துவிட்டேன். 20தான் வேண்டும். குறைக்க வழி உண்டா அண்ணே?

பதில்: புராக்ஸ்மாக்ஸில் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் தளம்) அந்தக் கட்டளை குறைக்காது. உள்ளே எக்ஸ்எஃப்எஸ் என்றால் நடைமுறையில் சுருக்கவும் முடியாது. எக்ஸ்ட்4 வகை ஃபைல்சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து சுருக்கலாம், ஆனால் அப்போது வரிசை மேலிருந்து கீழே. ஓர் இடத்தில் அளவு தவறினால் கடைசிப் பகுதித் தகவல் வெட்டுப்படும்.

மேல் அடுக்குகளை நீங்கள் இன்னும் தொடவில்லை என்றால், பார்ட்டிஷனை 20 மட்டும் வளர்த்து மீதியைச் சும்மா விடுங்கள். எல்விஎம்-தின் வகைச் சேமிப்பில் எழுதாத இடம் ஹோஸ்ட்டில் செலவாகாது. ஆனால் எல்விஎஸ்ஸில் பூலின் (மெஷின்கள் பகிர்ந்துகொள்ளும் பொது இடம்) டேட்டா%, மெட்டா% இரண்டையும் கவனியுங்கள். பூல் நிரம்பினால் அதிலுள்ள எல்லா மெஷின்களுக்கும் ஐஓ பிழை வரும். டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டை டிக் செய்து, உள்ளே எஃப்எஸ்டிரிம் -ஏ ஓட்டினால் அழித்த கோப்புகளின் இடம் பூலுக்குத் திரும்பும்.