வக்கீலம்மா பதில்கள்: டில்லியில் பேசுவது நம்ம ஊர் ஸ்டேஷனில் கேட்குமா?

வெளிநாட்டுத் தலைவர்கள் வரும்போதெல்லாம் "பாதுகாப்பு ஒத்துழைப்பு, காவல்துறைப் பயிற்சி, மனித உரிமை பற்றிப் பேசப்பட்டது" என்று செய்தியில் ஒரு வரி வருகிறது. அந்த அறையில் என்னதான் பேசுவார்கள்? அதனால் நம் ஊர் ஸ்டேஷனில் ஏதாவது மாறுமா?
— கல்லூரி மாணவி, செல்லூர்

நல்ல கேள்வி, கண்ணு. பாதுகாப்புப் பேச்சு என்றால் தீவிரவாதிகள் பற்றிய தகவல் பரிமாற்றம், தப்பி ஓடியவர்களை ஒப்படைப்பது, பயிற்சி, கருவிகள் இவைதான். மனித உரிமைக்குப் பெரும்பாலும் தனி நாள், தனி அறை. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் இதற்கென்றே ஒரு பேச்சுவார்த்தை வைத்திருக்கின்றன. அதன் பதினோராவது சுற்று 2025 ஜனவரியில் டில்லியில் நடந்தது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் ஒவ்வொரு நாட்டுக்கும் முறை வைத்து ஆய்வு நடக்கும். நம் முறை 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தது. அங்கே பல நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை எப்போது உறுதி செய்யப் போகிறீர்கள்?

அந்த உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்துப் போட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை. கிரய ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, பத்திரப் பதிவுக்கு மட்டும் வராமல் இழுத்தடிப்பவரைப் பார்த்திருப்பாயே, அந்த நிலைதான். நேபாளம், இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் எல்லோரும் எப்போதோ பதிவு செய்துவிட்டார்கள். நாமும் ஒரு தடவை பக்கத்தில் போனோம். 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2014-ல் மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதா காலாவதியாகிவிட்டது. 2017-ல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் புதிய வரைவே எழுதிக் கொடுத்தது. அதுவும் கிடப்பில்தான் இருக்கிறது.

இதனால் ஸ்டேஷனில் என்ன மாறும் என்று கேட்டாய். சித்திரவதைக்கு என்று தனிச் சட்டம் இருந்தால், அடித்தவர் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்ற குழப்பமே வராது. இப்போது ஒவ்வொரு தாயும் அதற்காக உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. ஜூன் 26 சித்திரவதைக்கு ஆளானோருக்கான ஐ.நா. நாள். சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் போலீஸ் பிடித்துப் போன சில நாளில் இறந்தது 2020 ஜூன் 22, 23. மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தது 2025 ஜூன் 28. ஜூன் மாதம் வந்தாலே எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை.

நான் ஓய்வு பெற்ற ஏட்டு. குற்றவாளிகளைத் தங்கள் நாட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு நமக்கு மனித உரிமைப் பாடம் எடுக்க இந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன தகுதி?
— ஆரப்பாளையம் வாசகர்

ஏட்டையா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதியைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் கொட்டப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தேடப்பட்டவர்களில் ஒருவர் டென்மார்க் நாட்டுக்காரர். அந்நாட்டு அரசு நிபந்தனைகளோடு ஒப்படைக்கச் சம்மதித்தும், 2011-ல் அங்குள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்பதுதான் காரணம். அந்தக் கோபத்தில் நாம் டென்மார்க் தூதரகத்தோடு உறவையே சுருக்கிக்கொண்டோம். 2024-ல் மறுபடி முயன்றோம், மறுபடி அதே பதில். 2025 பிப்ரவரியில் லண்டன் உயர்நீதிமன்றம், ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை அனுப்ப மறுத்தது. திகார் சிறையில் மிரட்டிப் பணம் பறிப்பதும் வன்முறையும் நடக்கும் ஆபத்து இருக்கிறதாம். அடி உதை என்ற பெயர் நமக்கு இருக்கும்வரை, பணக்காரக் குற்றவாளிகளின் வக்கீல்களுக்கு அதுதான் முதல் ஆயுதம். நேர்மையாக வழக்கைக் கட்டிய அதிகாரியின் உழைப்பு அங்கே வீணாகிறது. நீங்கள் கோபப்பட வேண்டியது அதற்கும் சேர்த்துத்தான்.

விஜய் மல்லையா வழக்கில் லண்டன் நீதிபதி, மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-வது கொட்டடியை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். நாமும் அனுப்பினோம். மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005-ல் போர்ச்சுகல் ஒப்படைத்தபோது, தூக்கு கிடையாது, 25 ஆண்டுக்கு மேல் சிறையும் கிடையாது என்று நம் அரசு எழுதிக் கொடுத்திருந்தது. அந்த வாக்கை மத்திய அரசு காப்பாற்றியே ஆக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஐயா, நான் கேட்பது இதுதான். ஜன்னலில் வெளிச்சம் வருகிறது, யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு கோடீஸ்வரருக்காக வெளிநாட்டு நீதிபதியிடம் நம்மால் எழுதிக் கொடுக்க முடிகிறது. அதே உறுதியை மடப்புரத்துப் பையனின் அம்மாவுக்கு ஏன் யாரும் கொடுக்கவில்லை? நகை காணோம் என்று ஒரு புகார் வந்தது. தனிப்படை வந்தது. உடம்பில் நாற்பதுக்கு மேல் காயங்கள். சாத்தான்குளத்தில் உண்மையைச் சொன்னதும் ஒரு பெண் ஏட்டுதான், அதையும் நான் மறக்கவில்லை. உங்கள் துறையில் அந்த மாதிரி மனிதர்கள் இருப்பதால்தான் உங்களிடம் இதை இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

என் தம்பி குடும்பம் மன்னாரில் இருக்கிறது. வெளிநாடுகள் இலங்கைப் போலீசுக்குப் பயிற்சி கொடுப்பது நல்லதா, கெட்டதா?
— உச்சப்பட்டி மறுவாழ்வு முகாம் வாசகி

பயிற்சி கொடுப்பவர் பிறகு என்ன நடக்கிறது என்று கவனிக்கிறாரா என்பதைப் பொறுத்தது, அம்மா. ஸ்காட்லாந்து காவல்துறை பல ஆண்டுகள் இலங்கைப் போலீசுக்குப் பயிற்சி கொடுத்தது. பயிற்சிக்குப் பிறகும் சித்திரவதைப் புகார்கள் நிற்கவில்லை என்று புலம்பெயர்ந்த தமிழர்களும் மனித உரிமை அமைப்புகளும் விடாமல் கேட்டார்கள். 2021-ல் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று ஸ்காட்லாந்து முடிவெடுத்தது. அமெரிக்காவில் லீஹி சட்டம் என்று ஒன்று உண்டு. கொடிய உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி தரக்கூடாது என்கிறது அது.

இதைவிட உறைத்தது வியாபாரம். சித்திரவதை உடன்படிக்கை உட்பட மூன்று மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று சொல்லி, 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் பொருள்களுக்குக் கொடுத்துவந்த ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தியது. 2017-ல்தான் திரும்பக் கொடுத்தது. அந்த இடைவெளியில் கொழும்புக்கு வலித்தது உண்மை. ஆனால் தையல் ஆலைகளில் வேலை பார்த்த பெண்களுக்கும் வலித்தது, அதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். இலங்கையின் 1979-ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு திருட்டு விஷயமாக என் மகனை "சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போ" என்று ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா? பயமாக இருக்கிறது, வக்கீலம்மா.
— திருப்புவனம் பக்கத்திலிருந்து ஒரு தாய்

தாயி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். பயப்படாதீர்கள். ஆனால் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

முதலில் எழுத்தில் சம்மன் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தில் 35(3) பிரிவு இருக்கிறது. கைது தேவைப்படாத வழக்கில், சந்தேகப்படுகிறவருக்கு அதன்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் சாட்சியாகக் கூப்பிட்டால் அது 179-வது பிரிவு. 15 வயதுக்குக் குறைந்தவர்களையும், 60-க்கு மேற்பட்டவர்களையும், பெண்களையும் அந்தப் பிரிவில் ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் போகத்தான் வேண்டும். போகாவிட்டால் அதையே காரணமாகச் சொல்லிக் கைது செய்வார்கள். கூட ஒரு வக்கீலோ, ஊரில் பேசத் தெரிந்த ஒருவரோ போகட்டும். உள்ளே போன நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் அல்லது உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்து, அறிக்கையின் நகலை மகனுக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் நடுவரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கமோ பயமோ வேண்டாம், அந்த ஒரு நிமிடம் மிக முக்கியம்.

எல்லா ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவு வந்துவிட்டது. ஆனால் மடப்புரத்தில் அடித்தது ஸ்டேஷனுக்கு வெளியே. அதனால் மகனை வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போனால் உடனே எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அழுதுகொண்டே வந்தார். மகனைக் கூட்டிப்போய் மூன்று நாளாகிறது, ஸ்டேஷனில் கேட்டால் "இங்கே இல்லையே" என்கிறார்கள். அப்போது உயர்நீதிமன்றத்துக்கு மதுரைக் கிளை கிடையாது, ஒத்தக்கடையில் அது வந்தது 2004 ஜூலையில்தான். ஆட்கொணர்வு மனுவுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ரயில் ஏறுவதற்கு முன்னால் தந்தி ஆபீசுக்கு ஓடி, நடுவருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி கொடுத்தேன். நாங்கள் சென்னையில் மனு எழுதிக்கொண்டிருந்தபோது, அன்றுதான் பிடித்ததாகக் காட்டிப் பையனை நடுவர் முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் எழுதிய தேதி பொய் என்று நிரூபிக்க என்னிடம் இருந்தது தந்தி ரசீது மட்டும்தான். ஜாமீன் அதில்தான் கிடைத்தது.

2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் செய்யும். மகன் உள்ளே போய் வெளியே வரத் தாமதமானால், எஸ்.பி.க்கும் நடுவருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நேரத்தைக் குறிப்பிட்டு நாலு வரி அனுப்புங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள், இலக்கணம் யாரும் பார்க்க மாட்டார்கள். இலவச வக்கீலுக்கு 15100-க்குப் போன் போடுங்கள். நோட்டீஸ் கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள், தாயி. போகச் சொல்லியிருக்கும் நாளில் ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன்.