சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் உள்ள மனை என்றால் வெள்ளம் வராதா?

மேற்குத் தாம்பரத்தை அடுத்த பகுதியில் மனை ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கவிருப்பதாகவும், மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் இருப்பதால் வெள்ளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று விற்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கீகாரம் இல்லாத மனையை வாங்கவே கூடாது. ஆனால் விற்பவர் தரும் உறுதியை அந்த அங்கீகாரம் தருவதில்லை. முடிச்சூர் பக்கம் முறையாக அங்கீகரிக்கப்பட்ட மனையில் வீடு கட்டி, 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அன்றைய வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட விநாடிக்கு 29,000 கன அடி நீரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலை அருகே, அதாவது எங்கள் பகுதியைத் தாண்டிய பிறகு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதும், ஆதனூர் தொடங்கி மேலே உள்ள ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிந்ததுமே எங்களை மூழ்கடித்தன.

நம் விதிகள் பெரும்பாலும் நீர்நிலையின் எல்லைக்கோட்டைக் காப்பவை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும், வருவாய்த் துறை ஆவணங்களில் உள்ள நீர்நிலைப் புறம்போக்கு என்ற வகைப்பாடும், ஏரிக்குள்ளோ ஓடையின் மீதோ யாரும் கட்டிவிடாமல் பார்ப்பதற்காக இருப்பவை. அவை எந்த அளவுக்கு மீறப்பட்டிருக்கின்றன என்பது வேறு கதை. ஏரிக்கரைக்குக் கீழே கிடந்த, ஏரித் தண்ணீர் பாய்ந்து விளைந்த ஆயக்கட்டு நிலமோ இந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. அது பட்டா நிலம், ஆக்கிரமிப்பு அல்ல, மனைப்பிரிவாக மாற்றச் சட்டப்படி வழியும் உண்டு. மதகைத் திறந்தால் தானாகவே தண்ணீர் பாய வேண்டும் என்பதற்காகவே தாழ்வான இடமாகப் பார்த்து வயலாக்கிய நிலம் அது என்பதும், நெல் போய் வீடு வந்தபின்னும் அந்தச் சரிவு மாறவில்லை என்பதும்தான் சிக்கல்.

நிலத்தின் விவரங்களைச் சொல்லும் வருவாய்த் துறை ஆவணமான அ-பதிவேட்டில் என் மனைக்குரிய நகலை வெள்ளம் வடிந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். நிலவகை ‘நஞ்சை’ என்றும், பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் பக்கத்து ஏரியின் பெயரும் இருந்தன; அதாவது என் மனையும் அப்படிப்பட்ட ஆயக்கட்டு நிலம்தான். வாங்கும்போது வழக்கறிஞர் முப்பது ஆண்டு வில்லங்கம் பார்த்தார், தாய்ப்பத்திரம் பார்த்தார். அந்தக் கட்டத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அடுத்தது உயரம். இத்தகைய இடங்களில் மனைப்பிரிவு போடும்போது, வெள்ளத் தேக்கம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது. அந்தக் கடிதத்தில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் வரும்வரை நிலத்தை அடுக்கடுக்காக மண் கொட்டி இறுக்கி உயர்த்த வேண்டும், வாய்க்காலை மறிக்கக் கூடாது, மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான். ஆனால் மனைகள் தனித்தனியாக விற்கப்பட்டதும் அந்த எண் மனைப்பிரிவுக் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது; கள ஆய்வும் பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. ஒரு வரைபட அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைந்தவன் என்பதால் இந்த வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் வீட்டின் தரைமட்டம் என்ன உயரத்தில் நிற்கிறது என்று வந்து அளப்பவர் யாரும் இல்லை. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் ஊர்கள், எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்துக்குக் குறையாமல் வெள்ள அபாயப் பகுதியில் கட்டும் புது வீட்டின் தரை இருக்க வேண்டும் என்று உள்ளூர் விதி வகுத்தாக வேண்டும். அங்கும் வீடுகள் மூழ்கத்தான் செய்கின்றன. ஆனாலும் உயரம் என்ற எண் அங்கே வீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது.

நான் கட்டியபோது வீட்டின் தரை சாலையைவிட இரண்டரை அடி மேலே இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் இரண்டு முறை மேலே மேலே சாலை போட்டதில், 2015-இல் அது ஒன்றரை அடிக்கும் குறைவாகிவிட்டது. சுரண்டிய பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலர் உத்தரவிட்டது 2021-இல்தான். இடையில் நானே செலவு செய்து வீட்டைச் சுற்றிக் கிராவல் கொட்டி உயர்த்தினேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பின்வீட்டுப் பெரியவரின் சமையலறைக்குள் போனது. நான் கொட்டிய மண்ணுக்கு அதில் பங்கு உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தடையின்மைச் சான்றின் முழு நகலை, நிபந்தனைப் பக்கங்களோடு கேளுங்கள். விற்பவர் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பெறலாம். பிறகு மட்டம் பார்க்கும் கருவி வைத்திருக்கும் நில அளவையர் ஒருவரை அழைத்துச் சென்று, மனையின் இன்றைய உயரம் கடிதத்தில் உள்ள எண்ணை எட்டுகிறதா என்றும், பக்கத்து ஏரிக் கலங்கலின் மேல்மட்டத்தைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்றும் அளந்து எழுதி வாங்குங்கள். அரை நாள் வேலை அது. அளக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.