தையலகத்தில் விற்பனையே இல்லை, மே மாத ஜிஎஸ்டி படிவமான 3பி-யில் 500 ரூபாய் ஏன்?

அந்த 500 ரூபாய் வரி அன்று, தாமதக் கட்டணம். அதை ரொக்கப் பேரேட்டிலிருந்து (ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் பணமாகச் செலுத்தும் கணக்கு) கட்டியே தீர வேண்டும், உள்ளீட்டு வரி வரவைக் (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) கொண்டு ஈடுகட்ட முடியாது.

தையலகத்துக்கு ஜிஎஸ்டி பதிவு எண் வாங்கிய பின் ஒரு பில்கூடப் போடாததால் படிவமும் தேவையில்லை என்று ஏப்ரலை விட்டிருப்பீர்கள். விற்பனை இல்லாத மாதத்துக்கும் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, வரிக் கணக்கு காட்டும் 3பி இரண்டும் கட்டாயம். விற்பனை, வரவு எதுவும் காட்டாத வெற்றுப் படிவமாக 3பி தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், உச்சவரம்பு 500 ரூபாய். ஏப்ரல் தாமதத்தின் கட்டணம் மே படிவத்தில்தான் ஏறும், பலரும் குழம்புவது இங்கேதான்.

ஏப்ரல் 3பி-யின் தாக்கல் தேதியைப் பாருங்கள். கெடுத்தேதியிலிருந்து 25 நாள் கடந்திருந்தால் கணக்கு சரி.

ஆனால், தையல் இயந்திரம் வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை வரவாகக் கோருவதானால், அந்த மாதத்துக்கு வெற்றுப் படிவம் போடாதீர்கள்.